ஆங்கில உடைமைச் சொற்களை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மை, யுவர், ஹிஸ், ஹெர் என்று ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டும் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிப்பவர்கள் அவற்றுக்கு நேராக மி, து, ஸு என்று ஒரு பட்டியலை எழுதி மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் ஒரு பத்தியை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் பட்டியலில் உள்ள சொல்லைத்தான் வைத்திருக்கிறோம், இலக்கணப் பிழையும் கண்ணில் படவில்லை, ஆனாலும் ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது ஒட்டாமல் நிற்கிறது. ஆங்கிலம் உடைமைச் சொல் வைக்கிற பல இடங்களில் ஸ்பானிஷ் அதை வைப்பதில்லை. வைக்கிற இடத்திலும் வேறு கணக்குப் பார்த்து வைக்கிறது.

தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஆங்கிலத்திலிருந்து நேராக ஸ்பானிஷுக்குத் தாவாமல், அந்த வாக்கியத்தை நல்ல தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனால் பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும். எங்கெங்கே தமிழ் கைகொடுக்கும், எங்கே காலை வாரிவிடும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'தே' என்று தனியாக வருவது 'உடைய' என்ற பொருள்தரும் முன்னிடைச்சொல். அதை 'அதே' என்பதில் வருவதுபோல மெல்லிய தகரமாகப் படியுங்கள். 'து' என்பது 'துணி'யில் வருகிற வல்லின து.

முதல் படி: உடையவரை மறந்துவிட்டு உடைமையைப் பாருங்கள்

அடிப்படைப் பட்டியல் இதுதான். என் என்பதற்கு மி, உன் என்பதற்கு து, அவன், அவள், அது, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஸு, எங்கள் என்பதற்கு நுவெஸ்த்ரோ, ஸ்பெயினில் மட்டும் நெருக்கமானவர்கள் பலரைப் பார்த்துச் சொல்லும் உங்கள் என்பதற்கு புவெஸ்த்ரோ. பொருள் பன்மையானால் மிஸ், துஸ், ஸுஸ். நுவெஸ்த்ரோவும் புவெஸ்த்ரோவும் மட்டும் பாலும் காட்டும்: நுவெஸ்த்ரோ, நுவெஸ்த்ரா, நுவெஸ்த்ரோஸ், நுவெஸ்த்ராஸ்.

ஆங்கிலத்தில் ஹிஸ் என்றால் ஆண், ஹெர் என்றால் பெண், தெயர் என்றால் பலர். சொல் முழுக்க உடையவரைப் பற்றியே பேசுகிறது. ஸ்பானிஷில் சொல்லின் வடிவம் உடைமைப் பொருளோடு ஒத்துப்போகிறது. அவனுடைய வீடு, அவளுடைய வீடு, அவர்களுடைய வீடு மூன்றும் 'ஸு காஸா'. அவனுடைய வீடுகள் என்றால், உடையவன் ஒருவனே ஆனாலும், 'ஸுஸ் காஸாஸ்'. 'தெயர்' பன்மைதானே என்று ஸுஸ் போடுவதுதான் ஆரம்பநிலையில் அதிகம் பார்க்கும் பிழை. பத்துப் பேருக்கு ஒரே வீடு என்றால் அது ஸு காஸாதான்.

அதேபோல 'எங்கள் கார்' என்று சொல்பவர் பெண்ணாக இருந்தாலும் நுவெஸ்த்ரோ கோச்சேதான், ஏனென்றால் கோச்சே ஆண்பால். 'எங்கள் கைகள்' என்றால் நுவெஸ்த்ராஸ் மானோஸ். மானோ ஓகாரத்தில் முடிந்தாலும் பெண்பால் சொல். இன்னொரு பொறி 'ஆகுவா', அதாவது தண்ணீர். அழுத்தமான ஆகாரத்தில் தொடங்குவதால் அதற்கு முன் பெண்பாலுக்கான சுட்டிடைச்சொல் லா (ஆங்கிலத்தின் 'தி' போன்றது) வராமல் ஆண்பாலுக்கான எல் வருகிறது, ஆனால் சொல் பெண்பாலாகவே இருக்கிறது. ஆகவே 'எல் ஆகுவா' சரி, 'நுவெஸ்த்ரா ஆகுவா' சரி, 'நுவெஸ்த்ரோ ஆகுவா' தவறு.

எழுதும்போது அழுத்தக் குறியை விட்டுவிடாதீர்கள். 'என்' என்று பொருள்தரும் மி, 'உன்' என்று பொருள்தரும் து இரண்டுக்கும் குறி கிடையாது. 'நீ' என்று பொருள்தரும் தூ, முன்னிடைச்சொல்லுக்குப் பின் 'நான்' என்பதன் வேற்றுமை வடிவமாக வரும் மீ இரண்டுக்கும் குறி உண்டு. ஒலி ஒன்றே, குறி மட்டுமே பொருளைப் பிரிக்கிறது.

இரண்டாம் படி: யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள்

ஆங்கிலத்தின் யுவர் ஒன்றுதான், ஸ்பானிஷில் அது மூன்றாகப் பிரியும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கே இது உடனே புரியும், ஏனென்றால் நமக்கும் உன், உங்கள் உண்டு. நண்பனிடம் 'து மாத்ரே', மரியாதைக்குரியவரிடம் 'ஸு மாத்ரே'. இரண்டுக்கும் பொருள் தாய்தான், உன் அம்மாவா உங்கள் அம்மாவா என்பதே வேறுபாடு.

ஆனால் பலரைப் பார்த்துச் சொல்லும்போது தமிழை அப்படியே நம்ப முடியாது. நம் 'உங்கள்' மரியாதை ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. புவெஸ்த்ரோ அப்படியல்ல, உடையவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களாக இருக்க வேண்டும், நெருக்கமானவர்களாகவும் இருக்க வேண்டும், கேட்பவர்கள் ஸ்பெயின்காரர்களாக இருப்பதும் நல்லது. ஆசிரியர் ஒருவரிடம் மரியாதை காட்ட நினைத்து புவெஸ்த்ரோ போட்டால் அது பொருந்தாது. லத்தீன் அமெரிக்கா முழுவதும் அன்றாடப் பேச்சில் பன்மைக்கு உஸ்தேதேஸ், அதன் உடைமைச் சொல் ஸு. மெக்ஸிகோ, கொலம்பியா, பெரு வாசகர்களுக்காக எழுதுகிறீர்கள் என்றால் புவெஸ்த்ரோவை ஓரமாக வைத்துவிடலாம்.

அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் நீ என்பதற்கு வோஸ் என்பார்கள். அதற்கென்று தனி உடைமைச் சொல் தேட வேண்டாம், அங்கும் து (உன்), தூயோ (உன்னுடையது) இவைதான்.

'நம்' என்றும் 'எங்கள்' என்றும் நாம் வைத்திருக்கும் வேறுபாடு ஸ்பானிஷில் இல்லை. அந்தப் பக்கம் போகும்போது இதனால் கஷ்டமில்லை. ஸ்பானிஷிலிருந்து தமிழுக்கு வரும்போது நுவெஸ்த்ரோவைப் பார்த்ததும் கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று நின்று யோசிக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஸு யாரைக் குறிக்கிறது என்பது தெளிவா

பேத்ரோ லூயிஸோடும் அவருடைய மனைவியோடும் பேசினார். யாருடைய மனைவி? ஸ்பானிஷில் 'கோன் ஸு முஹேர்' என்று எழுதினால் பேத்ரோவின் மனைவியாகவும் இருக்கலாம், லூயிஸின் மனைவியாகவும் இருக்கலாம். தமிழில் பேத்ரோவின் மனைவி என்று சொல்ல வேண்டுமானால் 'தன் மனைவியோடும்' என்று போட்டுவிடுவோம், குழப்பம் தீர்ந்தது. ஸ்பானிஷில் 'தன்' என்பதற்கு நேரான தனிச்சொல் கிடையாது. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ப்ரோப்பியோ சேர்க்கலாம்: 'ஸு ப்ரோப்பியோ கோச்சே', அவரது சொந்தக் கார்.

மற்ற இடங்களில் வழி இதுதான்: ஸுவை எடுத்துவிட்டுப் பெயருக்கு முன்னால் சுட்டிடைச்சொல்லை வைத்து, பின்னால் 'தே' போட்டு ஆளைச் சொல்லிவிடுங்கள். 'எல் லீப்ரோ தே எயா' அவளுடைய புத்தகம், 'எல் லீப்ரோ தே எல்' அவனுடைய புத்தகம், 'எல் லீப்ரோ தே உஸ்தேத்' உங்கள் புத்தகம், 'எல் லீப்ரோ தே எயோஸ்' அவர்கள் புத்தகம்.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. சுட்டிடைச்சொல்லான எல், 'தே'யோடு சேர்ந்தால் 'தெல்' என்று ஒட்டிக்கொள்ளும்: 'எல் கோச்சே தெல் மேதிகோ', மருத்துவருடைய கார். 'அவன்' என்று பொருள்தரும், அழுத்தக்குறி உள்ள எல் ஒட்டாது. நாட்டின் பெயரிலேயே எல் இருந்தாலும் எழுத்தில் ஒட்டாது. எல் சால்வதோரின் தலைநகரம் என்பதை 'லா காப்பித்தால் தே எல் சால்வதோர்' என்றே எழுத வேண்டும்.

எல்லா ஸுவையும் இப்படிப் பிரித்துப் போடத் தேவையில்லை. குழப்பம் வரும் இடத்தில் மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் வாக்கியம் நீதிமன்ற ஆவணம் போல இருக்கும்.

நான்காம் படி: உடைமைச் சொல் உண்மையிலேயே தேவையா

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆங்கிலத்தில் கைகழுவினேன் என்று சொல்லவே முடியாது, 'என் கைகளை' என்று சொல்லியாக வேண்டும். தொப்பியைக் கழற்றினான் என்பதற்கும் 'அவனுடைய தொப்பியை' என்பார்கள். தமிழில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. கை கழுவினேன், சட்டையைப் போட்டுக்கொண்டான், தலையை ஆட்டினாள். யாருடைய கை, யாருடைய தலை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்பானிஷும் அப்படித்தான். உடல் உறுப்பு, உடுத்திய உடை, கையிலிருக்கும் சாவி, பர்ஸ் போன்றவற்றுக்கு உடைமைச் சொல்லை விட்டுவிட்டுச் சுட்டிடைச்சொல்லை மட்டும் வைக்கிறது. உடையவர் யார் என்பதை வினையோடு வரும் சிறு சொல் காட்டிவிடும்.

'மே லாவோ லாஸ் மானோஸ்': கை கழுவுகிறேன். இங்கே மே என்பது 'எனக்கு', நம் 'கழுவிக்கொள்கிறேன்' என்பதில் உள்ள 'கொள்' செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. 'ஸே பூஸோ எல் அப்ரீகோ': கோட்டைப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டார், கழற்றிக்கொண்டார், சீவிக்கொண்டார் என்று தமிழில் 'கொள்' வருகிற இடமெல்லாம் ஸ்பானிஷில் மே, ஸே வருமா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் வரும்.

வலிக்கு இன்னும் நெருக்கம். ஆங்கிலத்தில் 'என் தலை வலிக்கிறது' என்கிற மாதிரி வரும். தமிழில் எனக்குத் தலை வலிக்கிறது. ஸ்பானிஷில் 'மே துவேலே லா கபேஸா', சொல்லுக்குச் சொல் நம்முடையதுதான். எனக்கு, வலிக்கிறது, தலை. அவளுக்குக் கால் வலித்தால் 'லே துவேலே எல் பியே'. ஆங்கிலத்தை மனதில் வைத்துக்கொண்டு 'மி கபேஸா' என்று தொடங்குகிறவர் தேவையில்லாத சுற்றுவழியில் போகிறார்.

திருட்டு, இழப்பு, விபத்திலும் இதே அமைப்பு. 'மே ரோபாரோன் லா பிஸிக்லேதா': என் சைக்கிளைத் திருடிவிட்டார்கள். இங்கே தமிழ் 'என்' என்று சொல்லும், ஸ்பானிஷ் சொல்லாது. நடந்த காரியத்தால் பாதிக்கப்பட்டவரை 'எனக்கு' என்று காட்டிவிட்டு, சைக்கிளுக்கு வெறும் லா போட்டு நிறுத்திக்கொள்ளும். 'ஸே ரோம்ப்பியோ எல் ப்ராஸோ' என்றால் கையை உடைத்துக்கொண்டான், அவனுடைய கையைத்தான்.

பலர் சேர்ந்து செய்யும்போது இன்னொரு நுட்பம் வருகிறது. மாணவர்கள் கையைத் தூக்கினார்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் 'தெயர்' போட்டுக் கைகளைப் பன்மையாக்குவார்கள். ஸ்பானிஷில் 'லெவந்தாரோன் லா மானோ', ஆளுக்கு ஒரு கை என்பதால் ஒருமை. தமிழும் அப்படியே. விபத்தில் பலர் உயிரிழந்தார்கள்: 'பெர்தியேரோன் லா வீதா'. உயிர்களை இழந்தார்கள் என்று நாம் எழுத மாட்டோம், அவர்களும் எழுத மாட்டார்கள்.

சரி, எப்போது உடைமைச் சொல் திரும்ப வரும்? மே, லே போன்ற சிறு சொல் வராமல் உறுப்பே வாக்கியத்தின் எழுவாயாக நிற்கும்போது. 'துஸ் ஓஹோஸ்', உன் கண்கள், அழகாக இருக்கின்றன என்று தொடங்கினால் உடைமைச் சொல் வேண்டும், இல்லையென்றால் யாருடைய கண் என்று தெரியாது. ஆனால் அவளுக்குப் பச்சைக் கண்கள் என்று சொல்ல 'தியேனே லோஸ் ஓஹோஸ் வேர்தேஸ்' போதும். உடை வேறொருவருடையது என்றாலும் உடைமைச் சொல் வேண்டும். அண்ணனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டான் என்றால் யாருடையது என்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஐந்தாம் படி: அபாஸ்ட்ரஃபி எஸ் வந்தால் தலைகீழாகத் திருப்புங்கள்

ஸ்பானிஷில் அந்தக் குறி இல்லை. உடைமை முன்னால், 'தே' நடுவில், உடையவர் பின்னால். ஹுவானுடைய புத்தகம், 'எல் லீப்ரோ தே ஹுவான்'. இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே வரிசை, ஸ்பானிஷ் மட்டும் எதிர்த்திசை. 'என் அப்பாவுடைய நண்பருடைய கார்' என்ற சங்கிலியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டே எழுதினால் போதும்: 'எல் கோச்சே தெல் அமீகோ தே மி பாத்ரே'.

பொருளைத் திரும்பச் சொல்லாமல் விடும் இடத்தில் சுட்டிடைச்சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் கார் பழையது, மரியாவுடையது புதியது என்றால் இரண்டாவது பாதி 'எல் தே மரீயா' என்று தொடங்கும்.

ஆங்கிலத்தில் அந்தக் குறி உடைமையைத் தவிர வேறு பலவற்றையும் சுமக்கிறது. இன்றைய செய்தித்தாள் 'எல் பெரியோதிகோ தே ஓய்', ஒரு மணி நேரத் தாமதம் 'ஊன் ரெத்ராஸோ தே ஊனா ஓரா'. அத்தை வீட்டில் என்பதை ஆங்கிலத்தில் வீடு என்ற சொல்லே இல்லாமல் சொல்லிவிடுவார்கள். ஸ்பானிஷில் 'என் காஸா தே மி தீயா' என்று வீட்டைச் சொல்லியாக வேண்டும். இந்த 'என்' நம் 'என்' அல்ல, 'இல்' என்ற பொருள்தரும் முன்னிடைச்சொல்.

ஆறாம் படி: என்னுடையது, உன்னுடையது

ஆங்கிலத்தின் மைன், யுவர்ஸ் ஆகியவற்றுக்கு நீண்ட வடிவங்கள் உண்டு: மீயோ, தூயோ, ஸூயோ, நுவெஸ்த்ரோ, புவெஸ்த்ரோ. இவை எல்லாமே பாலும் எண்ணும் காட்டும், மீயோ, மீயா, மீயோஸ், மீயாஸ் என்று.

இந்தப் புத்தகம் யாருடையது என்று கேட்டால் 'எஸ் மீயோ', என்னுடையது. மேசையில் நாலு புத்தகம் கிடக்கிறது, அதில் எது உன்னுடையது என்று கேட்டால் 'எஸ் எல் மீயோ', என்னுடையது இதுதான். முன்னது யாருக்குச் சொந்தம் என்று சொல்கிறது, பின்னது பலவற்றில் ஒன்றைச் சுட்டுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மைன்தான் என்பதால் மொழிபெயர்ப்பவர் கேள்வியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எழுவாயாக வந்தால் சுட்டிடைச்சொல் கட்டாயம்.

என் நண்பர்களில் ஒருவர் என்பதற்கு 'ஊன் அமீகோ மீயோ'. 'மி அமீகோ' என்றால் கேட்பவருக்கும் தெரிந்த குறிப்பிட்ட நண்பர். நீண்ட வடிவம் பெயருக்குப் பின்னால்தான் வரும், அதில் உணர்ச்சியும் கொஞ்சம் கூடும். கடவுளே என்று பதறும்போது 'தியோஸ் மீயோ', மகனே என்று அழைக்க 'ஈஹோ மீயோ', கிறிஸ்தவர்களின் பரலோக மன்றாட்டு 'பாத்ரே நுவெஸ்த்ரோ'. ஆனால் ராணுவத்தில் மேலதிகாரியை அழைப்பது 'மி காப்பித்தான்', குறுகிய வடிவம். என் தப்புதான் என்று ஒப்புக்கொள்ள 'எஸ் குல்ப்பா மீயா'.

'லோஸ் மீயோஸ்' என்றால் என் வீட்டார், என் மனிதர்கள். 'லோ மீயோ' என்றால் எனக்குக் கைவந்தது, என் துறை. சமைப்பதுதான் எனக்கு வரும் என்று சொல்ல 'லோ மீயோ எஸ் லா கொஸீனா'. அழகான வழக்கு, ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் போனால் இது கைக்கு எட்டவே எட்டாது.

எனக்கு முன்னால் என்பதைத் 'தெலாந்தே மீயோ' என்று பேச்சில் நிறையக் கேட்கலாம். 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் மொழிக்கான அரச அகாதெமி எழுத்துக்கு 'தெலாந்தே தே மீ' என்பதையே பரிந்துரைக்கிறது. ஆனால் 'அல் லாதோ மீயோ', என் பக்கத்தில், என்பது சரி. லாதோ பெயர்ச்சொல், தெலாந்தே வினையடை, அதுதான் காரணம்.

ஏழாம் படி: யாருடைய

ஆங்கிலத்தில் ஹூஸ் என்ற ஒரே சொல் கேள்விக்கும் வரும், இரண்டு வாக்கியங்களை இணைக்கவும் வரும். கேள்விக்குத் 'தே கியேன்': 'தே கியேன் எஸ் எஸ்தே லீப்ரோ?' சாவிகள் பலவாக இருந்தால் வினை பன்மையாகும், 'தே கியேன் ஸோன்'.

இணைக்கும்போது கூயோ. பிள்ளைகள் லீமாவில் வசிக்கும் பெண் என்பதற்கு 'லா முஹேர் கூயோஸ் ஈஹோஸ் விவேன் என் லீமா'. முஹேர் பெண்பால் ஒருமை, ஆனாலும் கூயோஸ். ஏனென்றால் அது பிள்ளைகளோடு ஒத்துப்போகிறது. முதல் படியில் சொன்ன விதியேதான். பேச்சில் கூயோவைத் தவிர்த்து 'கே ஸுஸ்' என்று சொல்பவர்கள் பலர், எழுத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஊருக்கு ஊர் கேட்கும் வேறுபாடுகள்

வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ், லெயோன் பக்கங்களில் 'லா மி காஸா' என்று சுட்டிடைச்சொல்லும் உடைமைச் சொல்லும் சேர்ந்து வரும் பழைய வழக்கு இன்னும் இருக்கிறது. ஆண்டிஸ் மலைப்பகுதி ஸ்பானிஷில் 'தே ஹுவான் ஸு காஸா' என்பார்கள், ஹுவானுடைய அவன் வீடு. அங்குள்ள பழங்குடி மொழியான கெச்சுவாவின் சாயல் அதில் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் 'லா காஸா தே நோஸோத்ரோஸ்' சாதாரணப் பேச்சு. இவற்றைக் கேட்டால் பிழை என்று ஒதுக்க வேண்டாம், ஆனால் பொது வாசகருக்கான மொழிபெயர்ப்பில் நீங்களாகப் போடவும் வேண்டாம்.

ஒரு பத்தியைச் செய்து பார்ப்போம்

ஆங்கிலத்தில் ஒரு சிறு பத்தி. ஆனா (அவளுடைய) கோட்டைக் கழற்றினாள், (அவளுடைய) சாவியை மேசையில் வைத்தாள், அவளுடைய அண்ணனைப் போனில் அழைத்தாள். அவருடைய மனைவி எடுத்தார். "எங்கள் மகளுக்குக் கால் வலி. உன் அண்ணன் ஒரு நண்பருடைய காரில் அவளை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார், எங்களுடையது ஓடவில்லை" என்றார். அடைப்புக்குள் இருப்பவை ஆங்கிலத்தில் உண்டு, தமிழில் யாரும் சொல்ல மாட்டோம்.

கோட்டும் சாவியும் நான்காம் படியைச் சேர்ந்தவை: 'ஆனா ஸே கித்தோ எல் அப்ரீகோ, தெஹோ லாஸ் யாவேஸ் என் லா மேஸா'. அண்ணன் உறவு என்பதால் உடைமைச் சொல் நிற்கும்: 'யாமோ ஆ ஸு எர்மானோ'. அடுத்து மனைவி. 'கொந்தெஸ்தோ ஸு முஹேர்' என்று எழுதலாம், முந்தைய சொல் அண்ணன் என்பதால் புரிந்துவிடும். துளியும் குழப்பம் வேண்டாம் என்றால் 'ஸு குன்யாதா', அதாவது அவளுடைய அண்ணி. நான் எழுதினால் குன்யாதாதான் போடுவேன், உடையவர் மாறாமல் ஆனாவிடமே இருந்துவிடுகிறார்.

மகளின் கால் வலிக்கு 'ஆ நுவெஸ்த்ரா ஈஹா லே துவேலே எல் பியே'. கடைசி வாக்கியத்தில் நாலு முடிவுகள் சேர்ந்து வருகின்றன: 'து எர்மானோ லா யெவோ அல் மேதிகோ என் எல் கோச்சே தே ஊன் அமீகோ ஸூயோ, போர்கே எல் நுவெஸ்த்ரோ நோ ஃபுன்ஸியோனா'. அண்ணி நாத்தனாரிடம் நெருக்கமாகப் பேசுவதால் து. நண்பர்களில் ஒருவர் என்பதால் ஊன் அமீகோ ஸூயோ. கார் யாருடையது என்பதற்கு தே. எங்களுடையது என்பது எழுவாய், ஆகவே எல் நுவெஸ்த்ரோ. கோச்சேவுக்குப் பதில் மெக்ஸிகோ வாசகருக்காகக் கார்ரோ என்று போட்டாலும் அது மாறாது, ஆனால் வீட்டில் இருப்பது கமியோனேதா என்றால் அது பெண்பால், அங்கே லா நுவெஸ்த்ரா என்று எழுத வேண்டும்.